அவையச்சமும் பாசிட்ரானும்

வாய்மொழித் தேர்வு நடக்கும் அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும் மாணவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே அவ்வாறு நின்றிருக்கவும் கூடும். உள்ளங்கை வியர்க்கும், நா வறளும், நெஞ்சு படபடக்கும். நேற்றிரவு வரை தலைகீழாகத் தெரிந்த விடை, பெயரைக் கூப்பிட்டவுடன் எங்கோ போய்விடும். தேர்வு முடிந்து வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றதும் அதே விடை ஒரு சொல்கூடக் குறையாமல் திரும்பி வரும். ஆக, விடை மூளையில்தான் இருந்தது. அது வாய்க்கு வரும் வழியைத்தான் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டது. அந்த ஏதோ ஒன்று யாது? அதைப் பேச்சினால் விலக்க முடியுமா? விலக்கினால் மூளையில் என்ன மாறுகிறது?

இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றில் ஓர் இத்தாலிய உடலியலறிஞர் வருகிறார். ஒரு முயல் வருகிறது. இறுதியில் இயற்பியலுக்கே உரிய பாசிட்ரானும் வந்து சேர்கிறது. அதனால்தான் இயற்பியல் கற்பிக்கும் நான் இதைப் பற்றி எழுதத் துணிகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றுவது கள்ளக்குறிச்சிப் பகுதியில். நகருக்கு மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. சில ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மாணவர் ஒருவர் எங்கள் வகுப்பில் சேர்ந்தார். அவர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவரே. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. ஆய்வகத்தில் மின்னழுத்தமானியைக் கொடுத்தால், மற்றவர் கம்பிகளை இணைத்து முடிப்பதற்குள் அவர் சமநிலைப் புள்ளியைக் கண்டு எழுதி முடித்துவிடுவார். ஆனால் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எளிய வினா ஒன்றைக் கேட்டபோது அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தலை குனிந்தபடியே நின்றார்.

அச்சத்தைத் தெளிவிக்கிறேன் என்று எண்ணி நான் ஒரு காரியம் செய்தேன். அடுத்த வாரமே, முன்னறிவிப்பு எதுவுமின்றி, முழு வகுப்பின் முன் அவரை எழுப்பிக் கரும்பலகைக்கு அனுப்பினேன். சுண்ணக்கட்டியை எடுத்தார். சிறிது நேரம் அதையே பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பதினொரு நாள் வரவில்லை. நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்பித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பழைய முறை அது. நான் செய்தது தவறு. ஏன் தவறு என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேசாமை எல்லாம் நோயா?

அவை கண்டு அஞ்சுதல் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. காந்தியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சட்டம் படித்து 1891இல் திரும்பிய அவர், பம்பாயில் ஒரு சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற்காக எழுந்து நின்றார். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். இதை அவரே தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1893இல் பிரிட்டோரியாவில் இந்தியர் கூட்டமொன்றில் பேசியதையே தம் வாழ்வின் முதல் மேடைப்பேச்சு என்று அவர் குறிப்பிடுகிறார்.

எனினும், பேசாதிருப்பதெல்லாம் கோளாறு ஆகாது. கல்வராயன் மலை 1970களின் நடுப்பகுதி வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த பகுதி. பெரியவர் எதிரில் வாய் திறவாமையே முறை என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட ஊரிலிருந்து வரும் ஓர் இளைஞரை, அவருக்குப் பழக்கமில்லாத ஆங்கிலத்தில் வினவிவிட்டு, அவர் மௌனமாக நின்றால் மூளைக்கோளாறு என்பது அநியாயம். அங்கே மாறவேண்டியது தேர்வாளரின் மொழி.

மருத்துவர் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பிறர் தம்மைப் பார்ப்பார்கள், எடைபோடுவார்கள், எள்ளுவார்கள் என்ற அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் பிழைப்பையும் உறவையும் கெடுக்குமானால் அதைச் சமூக அச்சக் கோளாறு என்கின்றனர். பெரும்பாலும் பதின்வயதில் இது தொடங்குகிறது. லண்டனில் பணியாற்றிய ஐசக் மார்க்ஸ் என்னும் மனநல மருத்துவர் 1960களில் இதை மற்ற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இது தனிப் பெயருடன் இடம்பெற்றது 1980இல்தான். அதற்கு முன் இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த பெயர் ‘கூச்ச சுபாவம்’. கிடைத்த மருந்து ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல்.

மூளையை எடைபோட்டவர்

இனி இத்தாலிக்குச் செல்வோம். தூரின் நகரத்து உடலியலறிஞர் ஆஞ்செலோ மோசோ, சிந்தனை செய்யும்போது மூளைக்கு அதிகக் குருதி பாயும் என்று கருதினார். அதைப் பார்ப்பது எப்படி? மண்டையோட்டில் காயம்பட்டு, எலும்பில்லாத இடத்தில் மூளையின் துடிப்பு வெளியே தெரியும் நிலையிலிருந்த ஒரு குடியானவரை அவர் ஆராய்ந்தார். நண்பகலில் கோயில் மணி ஒலித்தபோது அம்மனிதரின் கை நாடி மாறவில்லை. மூளையின் துடிப்போ உயர்ந்தது. மணியொலி வழிபாட்டை நினைவூட்டியதா என்று மோசோ கேட்க, ஆம் என்றார் அவர். மனத்தில் எழுந்த ஒரு நினைவு, கருவியில் ஒரு கோடாகப் பதிவாயிற்று!

மண்டை உடையாதவரை என் செய்வது? 1880களில் மோசோ ஒரு நீண்ட பலகையை நடுவில் தாங்கவைத்துத் தராசு போலாக்கினார். ஆளை அதில் படுக்கவைத்துச் சமன்செய்வார். பிறகு கணக்குப் போடச் சொல்வார். தலைப்பக்கம் தாழ்ந்தால் மூளைக்குக் குருதி கூடியிருக்கிறது என்பது அவர் கொள்கை. நம் பள்ளி ஆய்வகத்து நெம்புகோல் தத்துவமேதான். மூச்சும் சிறு அசைவும் குழப்பும் அக்கருவியை முழுதும் நம்ப முடியாது என்றாலும், எண்ணம் சரியான எண்ணம்.

எனக்கு வியப்பளித்தது வேறு. இதே மோசோ 1884இல் அச்சத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே, தாம் முதன்முதல் மக்கள்முன் சொற்பொழிவாற்றப் போன மாலையில் கண்ணாடிக் கதவின் திரைக்குப் பின்னிருந்து கூட்டத்தை எட்டிப் பார்த்ததையும், இதற்கு ஏன் ஒப்புக்கொண்டோம் என்று வருந்தியதையும் விவரிக்கிறார். மூளைக் குருதியை அளந்த முன்னோடியே அவையச்சத்தால் நடுங்கியவர்!

முயலும் பூங்காவும்

மோசோவுக்குப் பின் நெடுங்காலம், மூளையை அளப்போர் ஒருபுறமும் அச்சத்தைப் போக்க முயல்வோர் மறுபுறமுமாகத் தனித்தனியே நடந்தனர். இரண்டாமவரில் முதலில் நினைக்கத்தக்கவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார். மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவன் ஒருவன் முயலைக் கண்டாலே அலறுவான். அவன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தை உண்ணும் வேளையில் முயலை அறையின் மறுகோடியில் கூண்டோடு வைத்தார். நாளுக்கு நாள் சற்றே அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைக் கையில் வைத்து விளையாடினான். 1924இல் வெளியான இந்த ஆய்வில் உள்ள மந்திரச் சொல் ‘சற்றே’ என்பதுதான். முதல் நாளே முயலை மடியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரும்பலகை முன் நான் செய்தது அதைத்தான்.

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி இதை ஒழுங்கான முறையாக்கி 1958இல் நூலாக வெளியிட்டார். நோயாளி தம் அச்சங்களைச் சிறிதிலிருந்து பெரிது வரை ஏணிப்படிபோல எழுதவேண்டும். உடலைத் தளர்த்தும் பயிற்சியுடன் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும்.

நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். பெண்களிடம் பேசவே அஞ்சிய அவர், 19ஆம் வயதில் அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மாதம் நாள்தோறும் சென்று, பெஞ்சில் தனியே அமர்ந்திருந்த பெண்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தார். ஏறத்தாழ 100 பேரிடம் பேசினாராம். ஒரே ஒரு பெண்மணி மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டு, அவரும் வரவில்லை! ஆனால் எவரும் கத்தவில்லை, காவலரை அழைக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. எல்லிஸின் அச்சம் போயிற்று. (நம் இளைஞர்கள் பேருந்து நிலையத்தில் இச்சோதனையைச் செய்யவேண்டாம், விளைவுக்கு நான் பொறுப்பல்லேன்.) இதிலிருந்து எல்லிஸ் கண்டது, நம்மை வாட்டுவது நிகழ்ச்சி அன்று, அதைப்பற்றி நாம் நமக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சு என்பது. பிலடெல்பியாவில் ஆரன் பெக் 1960களில் இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கத்தக்க மருத்துவமாக வளர்த்தார். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படுவது இதுவே.

சமூக அச்சத்துக்கு இது எவ்வாறு பயன்படுகிறது? 1995இல் இங்கிலாந்தில் டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் ஆகியோர் ஒரு விளக்கம் தந்தனர். அஞ்சுபவர் எதிரில் உள்ளவரைப் பார்ப்பதில்லை, தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘குரல் நடுங்குகிறதே, முகம் சிவக்கிறதே’ என்று கவனம் முழுவதும் உள்ளே திரும்பிவிடுகிறது. கைநடுக்கம் தெரியாதிருக்கக் கையைப் பையில் விடுகிறார். தவறிப்போகாதிருக்க ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார். இந்தத் தற்காப்புகளே அச்சத்தைக் காப்பாற்றி வைக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் ஒன்றும் நேராது என்று கண்டறிய வாய்ப்பே தருவதில்லை. ஆதலால் சிகிச்சையளிப்பவர் அவரைத் தற்காப்புடன் ஒருமுறையும் இன்றி ஒருமுறையும் பேசவைத்து, அதைப் படம் பிடித்துக் காட்டுவார். தாம் நினைத்த அளவுக்கு முகம் சிவக்கவில்லை என்பதை நோயாளி கண்ணாலேயே காண்பார்.

காற்றின் அதிர்வு சதையைத் தொடுமா?

இங்கேதான் இயற்பியல் படித்தவனுக்கு ஓர் ஐயம் எழுகிறது. மருந்து என்பது பொருள். குருதியில் கலந்து மூளையை அடைகிறது. பேச்சோ காற்றின் அதிர்வு. அது உண்மையில் மூளையை மாற்றுகிறதா, அன்றி மனிதர் ‘தேவலை’ என்று மரியாதைக்காகச் சொல்கிறாரா?

விடை பாசிட்ரானிடம் இருந்தது. எலக்ட்ரானின் நிறையே கொண்டு நேர்மின்னேற்றம் உடைய துகள் இருக்கவேண்டும் என்பது டிராக்கின் கோட்பாட்டிலிருந்து பிறந்த முடிவு. 1932இல் கார்ல் ஆண்டர்சன் முகிற்கலத்தில் அதன் தடத்தைக் கண்டார். பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டும் மறைந்து, ஒவ்வொன்றும் 5,11,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக்கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பறக்கும். தலையைச் சுற்றி வளையமாக உணர்கருவிகளை வையுங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் துடித்தால், அவற்றை இணைக்கும் கோட்டின்மேல் எங்கோ பாசிட்ரான் அழிந்தது என்று பொருள். இத்தகைய பல இலட்சம் கோடுகளைக் கணிப்பொறி சேர்த்தால் படம் கிடைக்கிறது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் இக்கருவி உருவாயிற்று.

பாசிட்ரானுக்கு எங்கே போவது? ஆக்சிஜன்-15 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு அதைத் தருகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2 நிமிடம். அந்த ஆக்சிஜன் சேர்ந்த நீரைச் சிறிதளவு சிரையில் ஏற்றினால், மூளையில் குருதி மிகுந்து பாயும் இடத்தில் காமாக்கதிர்களும் மிகுந்து எழும். மோசோ பலகையில் படுக்கவைத்து அளக்க முயன்றது இதைத்தான்!

சுவீடனின் உப்சாலா நகர ஆய்வாளர்கள் இக்கருவியைச் சமூக அச்சத்தின்பால் திருப்பினர். தாமஸ் ஃபுர்மார்க்கும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. சமூக அச்சத்தால் துன்புற்று, அதுவரை சிகிச்சை பெறாத 18 பேர். அவர்களைக் கருவிக்குள் படுக்கவைத்து, தாங்கள் மேற்கொண்ட பயணம் போன்ற ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுற்றிலும் சிலர் வாய்பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அஞ்சுபவருக்கு இதைவிடக் கொடிய வாய்மொழித் தேர்வு வேறென்ன? பின்னர் 6 பேருக்குச் சிட்டலோபிராம் என்னும் மருந்து; 6 பேருக்குக் குழுவாக அறிவுசார் நடத்தைச் சிகிச்சை; எஞ்சிய 6 பேர் காத்திருப்போர் பட்டியலில். 9 வாரம் கழிந்தபின் மீண்டும் அதே கருவி, அதே பேச்சு.

மருந்து உண்டவரும் பேச்சுச் சிகிச்சை பெற்றவரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். காத்திருந்தவர் அப்படியே இருந்தனர். படங்களை ஒப்பிட்டபோது, தேறியவர்களிடம் பேசும் வேளையில் அமிக்டலாவுக்கும் அதை அடுத்த பகுதிகளுக்கும் பாயும் குருதி குறைந்திருந்தது. அமிக்டலா என்பது பொட்டுக்கு உட்புறத்தில், மூளையின் ஆழத்தில், இருபக்கமும் வாதுமைப் பருப்பு வடிவில் அமைந்த நரம்பணுத் திரள். ஆபத்தை மோப்பம் பிடித்து நெஞ்சைப் படபடக்க வைக்கும் காவல்காரன் அது. மாத்திரையும் சொல்லும் வெவ்வேறு வாசல் வழியே நுழைந்து ஒரே காவல்காரனை அமைதிப்படுத்தியிருந்தன. அந்த அமைதி எவரிடம் அதிகமோ, அவரே ஓராண்டு கழித்தும் நல்ல நிலையில் இருந்தார் என்பதும் தெரியவந்தது.

18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எல்லா ஆய்வுகளும் மூளையின் அதே புள்ளிகளைக் காட்டவும் இல்லை. ஆயினும் இது தனியொரு சான்றன்று. பத்தாண்டுகளுக்கு முன்பே, 1992இல், லாஸ் ஏஞ்சலிஸில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர், ஒரே எண்ணமும் செயலும் விடாது துரத்தும் வேறொரு நோயில் மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் மூளையின் ஒரே பகுதியை மாற்றுவதைக் காட்டியிருந்தனர். 2016இல் கிறிஸ்தோஃபர் மோன்சன் என்னும் சுவீடன் ஆய்வாளரும் தோழரும் சமூக அச்சமுடைய 26 பேரைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியால் ஆராய்ந்தனர். இணையவழியே 9 வாரம் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பெற்றவரிடம் அமிக்டலாவின் துடிப்பு மட்டுமன்றி அதன் பருமனும் சிறிது குறைந்திருந்தது.

அச்சம் அழிந்துவிட்டதா என்றால், இல்லை. பழக்கிய நாயின் அனிச்சைச் செயல் மறைந்தபின்னும் சில நாள் கழித்துத் தானே தலைகாட்டுவதைப் பாவ்லாவ் அன்றே கண்டார். 2002இல் மிலாட், குவர்க் ஆகிய இருவர் எலிகளில் காட்டியது இதற்கு விளக்கம் போன்றது: அச்சம் தணிந்ததை எலி நினைவுகூரும்போது, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் அணுக்கள் கிளர்கின்றன. பழைய பாடம் அழிக்கப்படவில்லை. அதன்மேல் ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. ஒரே நாளில் எழுத முடியாது. பலமுறை, பல இடங்களில், சற்றே சற்றே எழுதவேண்டும். திடீரென்று பெரும் அச்சத்தில் தள்ளி, அவரும் ஓடிப்போய்விட்டால், பழைய பாடமே மேலும் அழுந்தப் பதியும்.

நம் பக்கம்

இதெல்லாம் உப்சாலாவுக்குச் சரி, மலையூருக்கு வருமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய கணக்கெடுப்பில், மனநலக் கோளாறு உடையோரில், நோயின் வகைக்கேற்ப, 100க்கு 70 பேருக்கும் மேற்பட்டோர் சிகிச்சையின்றி இருப்பது தெரிந்தது. ஆனால் பேச்சுச் சிகிச்சைக்குச் சைக்ளோட்ரான் வேண்டாம். அது ஆராய்ச்சிக்கு மட்டுமே. சிகிச்சைக்கு வேண்டியது பயிற்சி பெற்ற மனிதரும் இரண்டு நாற்காலியும். கோவாவில் சங்காத் அமைப்பினர், மருத்துவரல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியளித்து, கடும் மனச்சோர்வுக்கு அவர்கள் அளித்த பேச்சுச் சிகிச்சை பயன் தருவதை முறையான ஆய்வில் காட்டியுள்ளனர். நோய் வேறாயினும் வழி அதுவே. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம்.

எங்கள் மாணவரைத் தேடி நண்பர் ஒருவரை அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் வந்தார். “தெரியும் சார். ஆனா எல்லாரும் என்னையே பாக்கறாங்கன்னு தோணுச்சுன்னா வாய் வரமாட்டேங்குது” என்றார். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்றேன். அங்கே அவர் எழுதிய ஏணியின் முதற்படி, பேருந்தில் நடத்துநரிடம் மீதிச் சில்லறையை உரக்கக் கேட்பது. அடுத்தது, ஒரு நண்பருக்கு மட்டும் ஓம் விதியை விளக்குவது. பிறகு மூன்று பேருக்கு. நான் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரும் படி ஏழாவதாக இருந்தது. அதை எட்ட இரண்டு பருவம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு வாய்மொழித் தேர்வில், சமநிலைப் புள்ளியில் கால்வனாமீட்டர் ஏன் அசைவதில்லை என்று தேர்வாளர் தமிழிலேயே கேட்டார். நடுங்கிய குரலில் விடை வந்தது. நடுவில் ஒரு வாக்கியம் தவறு. அவரே நிறுத்தித் திருத்தினார். வெளியே வந்து, “கை இன்னும் நடுங்குது பாருங்க சார்” என்று நீட்டிக் காட்டினார்.

இக்கட்டுரையின் கைப்படியை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு நிமிஷத்துல பாதி போயிடும்னா, அந்த ஆக்சிஜன எப்படி சார் ஊசி வரைக்கும் கொண்டாருவாங்க?” சைக்ளோட்ரான் அருகிலேயே இருக்கும், குழாய் வழியே வரும் என்றேன். எத்தனை மீட்டர் குழாய் வரை தாங்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்.